கண்ணாடி வயிற்றில் ஒரு நூல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், பெட்டிக்குள் இருக்கும் வாட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். நானே காது வைத்துக் கேட்டிருக்கிறேன்.

வாட்ச் சேகரிக்கும் புருஷோத்தமனின் பெட்டியில் இரண்டு வாட்சுகள் அருகருகே இருந்தன. ஒன்று பழைய ஸ்டீல் வாட்ச். மற்றது டயலே இல்லாமல், பல்சக்கரமெல்லாம் வெளியே தெரியும் விலையுயர்ந்த ஸ்கெலிட்டன் வாட்ச். முந்தின நாள் ஆசை தாங்காமல் அதன் பின்மூடியைத் தானே கழற்றித் துடைத்தார் புருஷோத்தமன். துணியிலிருந்து ஒரு நூல் உள்ளே விழுந்துவிட்டது.

“அண்ணே, நூல் நகருது. சக்கரத்துல சிக்கினா நான் நின்னுடுவேன்” என்றது ஸ்கெலிட்டன்.

“எனக்குள்ள ஒரு திருகாணி கழண்டு பதினோரு வருஷமாச்சு. டயல் மறைச்சிடுது. நீதான் வயித்தைத் திறந்து காட்டுற ஆளாச்சே.”

“கிண்டல் பண்ணாதீங்க. அவர் பார்த்துட்டா ரிப்பேருக்குக் கொண்டுபோவார். பொழச்சுக்குவேன்.”

பெட்டி திறந்தது. புருஷோத்தமன் லென்ஸை வைத்துக் குனிந்தார். நூலைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அன்று சேகரிப்பாளர்கள் கூட்டம்.

“நானே திறந்தேன்னு தெரிஞ்சா சிரிப்பானுங்க” என்று முணுமுணுத்தவர், ஸ்கெலிட்டனைக் கையில் கட்டி, முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டார்.

“இப்ப உனக்கும் ஒரு டயல் கிடைச்சிடுச்சு” என்றது ஸ்டீல் வாட்ச்.

சட்டைக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்டது. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அதுவும் நின்றுபோனது.

கூட்டத்தில் யாரோ மணி கேட்டார்களாம். புருஷோத்தமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாராம்.