இருப்பவர்களுக்கு ஓர் இரங்கல்

மூன்றாவது சுற்று. தெருவில் ஒருவரும் தலை தூக்கவில்லை.

அவன் ஒரு கையால் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு, மறுகையில் மைக்கை வாயோரம் பிடித்துக் கத்தினான். இன்று இரவு புயல் கரையைக் கடக்கிறது. கடல் ஊருக்குள் வரும். எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. ஓர் இலை அசையவில்லை. இந்த வெயிலில் புயல் என்றால் யார்தான் நம்புவார்கள்.

வலை பின்னுகிறவர்கள் பின்னிக்கொண்டே இருந்தார்கள். காயப்போட்ட கருவாட்டை அள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

இதே வாய்தான் வீட்டுவரி கட்டச் சொல்கிறது. கண் பரிசோதனை முகாம், தீமிதி, ஜவுளித் தள்ளுபடி எல்லாம் இதே வாய்தான். ஐப்பசியில் இரண்டு தடவை புயல் என்றது. இரண்டு தடவையும் ஊர் மூட்டை கட்டிப் போய், பள்ளிக்கூடத்தில் கொசுக்கடி வாங்கி, வேகாத உப்புமா தின்று திரும்பியது. தூறல்கூட இல்லை. அதற்கப்புறம் அவனைக் கண்டாலே குடையை விரித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

அவனும் சிரித்துவைத்தான். வேறென்ன செய்வான்.

அவன் மனைவி பூமயிலும் ஒருகாலத்தில் சிரித்தவள்தான். பல வருஷங்களுக்கு முன் பெரிய புயல் வந்த அன்று, மேட்டுக்குப் போய்விடு என்று அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னான். அவள் சிரித்தாள்.

"ஊருக்குச் சொல்றத ஊருக்குச் சொல்லு. உன் மைக்கு எனக்குத் தெரியாதா? குழம்ப இறக்கிட்டு வர்றேன், போ."

வரவில்லை.

மறுநாள் இதே ஆட்டோவில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தான். அன்றைக்கு மட்டும் ஊர் கேட்டது. சாவுச் செய்தி என்றால் இந்த ஊரில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். யார் என்று தெரியாமல் உலையில் அரிசி போடமாட்டார்கள்.

பூமயிலின் பெயரையும் அவனே வாசித்தான். குரல் பிசகவில்லை. பழகிய வாய்.

அன்றிலிருந்து பயம். வீட்டுவரி என்று சொல்ல வாயைத் திறந்தாலும் அவள் பெயர் வந்துவிடுமோ என்று.

கடைசி வீடு, முகத்துவாரத்தை ஒட்டியது. அவன் மகள் சுகுணா வாழ்க்கைப்பட்ட வீடு. இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"மூணு சுத்து சுத்திட்ட. சாப்பிட்டுப் போப்பா. குழம்ப இறக்கப் போறேன்."



அம்மா ஜாடை அவளுக்கு. அவள் சொன்னதும் அம்மா சொன்னதுதான்.

ஆட்டோவைத் திருப்பினான். மைக்செட் பெட்டியில் சங்கொலியைத் தட்டிவிட்டான். சாவுக்கு மட்டும் போடுவது.

தெரு நின்றது.

வலை பின்னிய கைகள் நின்றன. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

"ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். முகத்துவாரத் தெரு, கலிவரதன் அவர்களின் மனைவி சுகுணா, இன்று இரவு அகால மரணமடைந்தார்."

குழந்தையின் பெயரை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.

அடுத்த வீட்டைச் சொன்னான். அதற்கடுத்த வீட்டைச் சொன்னான். புருஷன் பெயர், பெண்டாட்டி பெயர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தேசிங்குவின் பெயர். வாசலில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தான்.

"அன்னாரது இறுதி ஊர்வலம் மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து புறப்படும்."

முதல் கல் கண்ணாடியில் விழுந்தது.

பிறகு ஊரே விழுந்தடித்துக்கொண்டு வந்தது. துடுப்போடு வந்தார்கள். விளக்குமாற்றோடு வந்தார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சங்கு ஊதினால் யார் விடுவார்கள்.

கைக்கு எட்டாமல், கண்ணுக்குத் தப்பாமல் ஆட்டோவை ஓட்டினான். யாராவது மூச்சிரைத்து நின்றால் அந்த ஆளின் பெயரை மறுபடியும் வாசித்தான். நின்றவன் மறுபடியும் ஓடிவந்தான்.

தேசிங்குவை இரண்டு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். தன் கையால் ஓர் அடியாவது அடிக்கவேண்டும் என்று அவர் அடம்பிடித்தாராம்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

அடி விழுந்தது. மைக்கைப் பிடுங்கித் தரையில் அடித்தார்கள். சட்டை கிழிந்தது. தேசிங்குவும் அடித்தார். அந்தக் கையில் பலமே இல்லை.

அடிகளுக்கு நடுவே தலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சுகுணாவைக் காணவில்லை.

கிழக்கே அடிவானம் கறுத்திருந்தது. இல்லை, அவன் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

திரும்பிப் போய்விடு தாயே என்று கடலைக் கேட்டான். புயல் வராமல் போனால் இந்த ஊரில் அவனுக்குச் சோறு தண்ணீர் கிடையாது. இனி எந்தப் புயலுக்கும் அவன் பேச்சை நாய்கூடக் கேட்காது. தெரியும். ஆனாலும் போய்விடு என்றுதான் கேட்டான்.

கூட்டம் விலகியது.

சுகுணா வந்தாள். காலில் செருப்பு இல்லை. இடுப்பில் குழந்தை தூங்கியிருந்தது. புடவையில் குழம்பு வாசனை.

"பெத்த வாயாப்பா இது?"

குனிந்து மண்ணை அள்ளி அவன்மேல் தூற்றினாள்.

பூமயிலின் குழியில் அவன் போட்டது ஈர மண். கையைவிட்டு விழமாட்டேன் என்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இது மேட்டு மண். காய்ந்து, பொடிப்பொடியாக, அவன் தலையிலும் தோளிலும் உதிர்ந்தது.

அடுத்த பிடிக்கு அவள் குனிந்தாள். அவன் நகராமல் நின்றான்.