பூசணத்துக்கு மருந்து

"வீடா இது? குகை!" என்று அனிபால் போட்ட கூச்சலில், அரிசி களைந்துகொண்டிருந்த மெல்வா ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

அண்ணன் கையில் அவருடைய அல்பாகா கம்பளிக் கோட்டு தொங்கியது. முதுகு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்திருந்தது.

"ஒரு வாரமா மக்கின வாடை வருதுன்னு சொன்னேன்ல? கடல் காத்துண்ணேன்னு என்னையே முட்டாளாக்கினியே! அலமாரியை இழு, பாப்போம்."

மெல்வா ஒருத்தியாக இழுத்தாள். அவர் விரலைக்கூடக் கொடுக்கவில்லை. பின்சுவர் தரையிலிருந்து தோள் உயரத்துக்குக் கறுத்து, கரிச்சட்டியின் அடி போல இருந்தது.

லிமாவில் ஆகஸ்ட் மாதத்தில் சூரியனைக் கண்டவர் கிடையாது. அதிலும் மெல்வா குடியிருந்த மக்தலேனா பகுதியில் கடலைப் பார்த்து நிற்கும் சுவரென்றால் ஈரம்தான். இதை அனிபாலிடம் யார் சொல்வது? நோட்டரி அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர், ஓய்வுபெற்ற பிறகு கண்ணில் பட்டவர்களையெல்லாம் குத்திக்கொண்டிருந்தார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்து வந்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. மெல்வாவின் மகள் யெசேனியாவின் அறையை அவர் எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பெண், சமையலறையில் அடுப்புக்கும் துணிக்கொடிக்கும் நடுவே மடக்குக் கட்டிலில் கிடந்தாள்.

கிளம்புங்கள் என்று சொல்லவும் வழியில்லை. அண்ணனை ஒருநாளும் வெளியே போகச் சொல்லமாட்டோம் என்று ஒல்கா, மெல்வா, எல்சா என்று தங்கைகள் மூன்று பேரும் அம்மாவின் மரணப் படுக்கையில் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கென்ன, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மெல்வா மண்டியிட்டு, நீல ஸ்பிரே பாட்டிலை எடுத்துச் சுவரில் அடிக்க ஆரம்பித்தாள்.

"இருபது நாளா காலையும் சாயங்காலமும் அடிக்கிறேன்ணே, பூசணம் வந்துடக் கூடாதேன்னு. நீங்களே பாக்குறீங்க..."

"ஒல்கா என் பையில வச்சு அனுப்பின மருந்துதானே? அவ உருப்படியா செஞ்ச ஒரே காரியம் அதான். பிளீச் மாதிரி மூக்கைப் புடுங்கல. மருந்தைக் குத்தம் சொல்லாத. அடிக்கிற கை சரியில்ல."

"தேய்க்கவும் செய்றேன்ணே."

"கிழிச்சே! ஒல்கா வீட்லயும் இதே லட்சணம்தான். ஒரு வருஷம் கண்ணாடி மாதிரி இருந்த சுவரு, ஒரே மாசத்துல அழுகிப்போச்சு. உங்களுக்கெல்லாம் வீடு வச்சுக்கவே தெரியாது. சரி, மத்தியானத்துக்கு என்ன?"

"திங்கக்கிழமைன்னா ஊரே பருப்புதானேண்ணே."

"சுவத்துல பூசணம், தட்டுல பருப்பு! மனுஷன் இருப்பானா இங்க?"

திட்டினாரே தவிர, இரண்டு தட்டுச் சாப்பிட்டார். சோற்றின் மேல் வைத்த பொரித்த முட்டையையும் விட்டுவைக்கவில்லை. யெசேனியாவுக்கு வைத்திருந்ததும் அவர் வயிற்றுக்குள் போனது. வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்.

"நான் எல்சா வீட்டுக்குப் போறேன். சக்லக்காயோவுல வருஷம் பூரா வெயில். அங்க சுவரு வேர்க்காது."

"ஐயோ, கோவிச்சுக்கிட்டா போறீங்க? இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்ணே." மெல்வா ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"இருந்தா என் மேலயும் பூசணம் பூக்கும்!"

அது பூத்து ரொம்ப நாளாச்சு என்று யெசேனியா முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை.

ஏழு கோட்டும் நான்கு பெட்டியும் டாக்சியில் ஏறின. பெட்டிகளைத் தூக்கியது தாயும் மகளும்தான். கடைசியில் மெல்வா நீல பாட்டிலைக் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி அவருடைய கைப்பையில் வைத்தாள்.

"இதை எல்சாகிட்ட குடுத்துருங்கண்ணே."

"வெயிலடிக்கிற ஊருக்கு இது எதுக்கு?"

"இருக்கட்டும்ணே. நீங்க இருக்கிற இடம் சுத்தமா இருக்க வேண்டாமா?"

அந்த வார்த்தையில் அவர் முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான். உங்க மூணு பேருக்கும் நான்தானே சுமந்துட்டுப் போய்க் கத்துக்குடுக்கணும்!"

டாக்சி முனை திரும்பியதும், யெசேனியா சமையலறையிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள். ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. மெல்வா தங்கைக்குப் போன் போட்டாள்.

"அண்ணன் கிளம்பியாச்சு எல்சா. நேரா உன் வீட்டுக்குத்தான் வர்றாரு."

எதிர்முனையில் எல்சா அழுதே விட்டாள். "ஐயோ அக்கா! நான் என்ன பண்ணுவேன்? போங்கன்னு சொல்லவும் முடியாதே!"

"அழாதடி. பாட்டில் அவர் பையிலதான் வருது. அரிசி களஞ்ச தண்ணிய ஊத்தி, ரெண்டு வேளையும் அவர் அலமாரிக்குப் பின்னாடி அடி. உங்க ஊர்ல வெயில் ஜாஸ்தி, சீனிய மட்டும் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக்க."