பிரிசில்லாவின் ஐஸ் பெட்டி

பிரேம்நாத்துக்குப் பின்தொடையில் பெரிய கட்டி. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கிளினிக்கில் குப்புறப் படுத்திருந்தான். போனில் சொன்ன ஒரு மணி நேரத்தில், அவனுக்கு நிச்சயமான பிரிசில்லா வேலூரிலிருந்து ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தாள்.

"எவ்ளோ பாசம்! ஐஸ்கிரீம் வேற வாங்கியாந்திருக்கா!" அவன் அம்மா செண்பகம் பூரித்தாள்.

"டாக்டர், இன்னும் கீறலியே?" பிரிசில்லாவுக்கு மூச்சு வாங்கியது.

"இல்லம்மா."

"ஸ்தோத்திரம்!"

டாக்டர் கீறினார். வழிந்த சீழைக் குப்பியில் பிடித்து ஐஸில் புதைத்தாள் பிரிசில்லா. முகமெல்லாம் கல்யாணக் களை.

"சீழ் பூரா வெள்ளையணுங்க அத்தை! அதுதான் என் ஆராய்ச்சி. லேட்டானா செத்துடும், வர்றேன்!" பஸ்ஸுக்குப் பறந்தாள்.

"இன்னாடா இது? இதுக்கா ஓடியாந்தா?"

பிரேம்நாத் வெட்கப்பட்டான். "விடும்மா. முதுகுல இன்னொன்னு கிளம்புது. அதுக்கும் வருவா."