சிவந்த செவுள்

ஊழியக்காரர் ஜெயரூபியின் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார். "மகளே, உன் பொண்ணு கல்யாணம் கர்த்தரோட சித்தம் இல்ல. நிறுத்திடு!"

முன்பு இவர் சொன்னாரென்று, கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு மூன்று மழைக்காலம் ஒழுகும் குடிசையில் நனைந்தவள் அவள். மீன் விற்பவள். ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்து, உள்ளே சிவப்பாக இருந்தால்தான் மீனை எடுப்பாள். இன்று ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்து, அவர் முகத்தையும் அப்படித்தான் பார்த்தாள்.

"ஐயா, காலையில மீன் கழுவுறப்போகூட கர்த்தர்கிட்ட இந்தக் கல்யாணத்தைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தேன். அவரு சந்தோஷமாத்தானே இருந்தாரு!"

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவள் குலுங்கக் குலுங்க, தலைமேல் அவர் எடுக்க மறந்த கையும் சேர்ந்து குலுங்கியது.