சர்க்கரை டின்

தகர டின் மூடி தானாக இறுகிக்கொள்ளும் என்று அப்துல் ரசாக் சொன்னதை ஜெபசீலன் பல வருஷமாக நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர், எப்படி நம்புவார்?

மனைவி தபீதாள் இறந்த வருஷம் ஆரம்பித்தது அது. பள்ளி விட்டு மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார். காலையில்தான் திறப்பார். நடுவில் அதைத் தட்டுகிற ஒரே ஆள் பக்கத்து வீட்டு ரசாக். கையில் சர்க்கரை டின்.

"சார், மறுபடியும் பேஜார் பண்ணுது."

"வீட்டுல ஸ்பூன் இல்லையா பாய்?"

"கீது சார். எனக்கு வரமாட்டேங்குது."

"எத்தனை தடவை காட்டியாச்சு? விளிம்புதான் ஆதாரம். காம்பு நீளமா இருந்தா சின்னக் குழந்தைகூட நெம்பிடும். பல்லாவரத்துல தோல் கட்டு தூக்குற ஆளு நீங்க!"

"அதுக்கு மூளை வாணாமே சார். மூடி இறுகுறதுக்குத் தாம்பரம் காத்துதான் காரணம்."

"காத்து மூடியில பள்ளம் போடுமா?"

ரசாக் சிரிப்பார். "தொறந்ததுதான் தொறந்தீங்க, அப்படியே ஒரு டீ போட்டுருங்களேன்."

ஜெபசீலன் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டவ்வைப் பற்றவைப்பார். சர்க்கரை மட்டும் அவருடையது. பால், டீத்தூள், மண்ணெண்ணெய் எல்லாம் நம்முடையது. கெட்டிக்கார மனுஷன். குடித்துவிட்டு உடனே போவாரா? ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை ஜெபசீலன் பின்பக்கக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டங், டங் என்று சத்தம்.

"போதுமாங்க? டின்னே நசுங்கிடும் போல கீதே." ரசாக்கின் மனைவி நஃபீசா.

"இன்னும் ஒண்ணு போடு. அன்னிக்கு ஸ்பூன் வெச்சதும் தொறந்துகிச்சு. சட்டுனு தொறந்தா சார் சட்டுனு கதவ சாத்திக்குவாரு."

"அதுக்குன்னு டீ எதுக்கு? குடிச்சுட்டு வந்து வவுறு எரியுதுன்னு பொலம்புறீங்க."

"அவரும் ஒரு வாய் குடிக்கிறாரு இல்ல?"

முகத்தில் ஈரம் காய்ந்த பிறகும் ஜெபசீலன் கிணற்றடியிலேயே நின்றிருந்தார்.

சாயங்காலம் டின்னோடு கிளம்பிய ரசாக் தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எதிரே ஜெபசீலன். அவருடைய வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கையில் தபீதாள் வைத்திருந்த பார்லி டின். மூடியின் நடுவில் புதிதாக ஒரு பள்ளம்.

"பாய், தாம்பரம் காத்து என் வீட்டுப் பக்கமும் அடிச்சிருக்கு. இதைக் கொஞ்சம் நெம்பித் தர்றீங்களா?"