புகைவீட்டில் வைத்த முட்டைகள்

புகைவீட்டின் பலகை இடுக்கில் சாய்ந்து விழும் வெயிலில் செல்லாயி ஒரு முட்டையைத் தூக்கிப் பிடிக்கிறாள். உள்ளே ஒரே கருப்பு. மேலே கழிகளில் ரப்பர் ஷீட்டுகள், துணி காயப்போட்டதுபோல் மஞ்சளாகத் தொங்குகின்றன. கீழே அடுப்பில் பச்சை விறகு சீறுகிறது. ஈப்போ நகரத்திலிருந்து வந்த துரைமாரின் விருந்துக்கென்று, அடைகிடந்த கோழியைக் கங்காணி பிடித்துப்போன அன்றே, முட்டைகளை உமிக்கூடையில் வைத்து இந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "சூடு கூடிப்போச்சோ என்னமோ. தண்ணியாவது தெளிச்சிருக்கணும்," என்கிறான் அடுப்புக்கு விறகு தள்ளும் அவள் புருஷன் ஐயாவு. அவள் முட்டையை உடைக்கிறாள். மயிர் முளைத்த குஞ்சு, காய்ந்த சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடக்கிறது. மற்றவற்றை வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டியில் ஒவ்வொன்றாக மிதக்க விடுகிறாள். உயிர் இருந்தால் ஆடும். எதுவும் ஆடவில்லை. கடைசி முட்டை மட்டும் லேசாகத் துடித்து, தண்ணீரில் சின்ன வட்டங்களை எழுப்புகிறது. "ஏங்க, இங்க பாருங்க!" அதற்குள் வாசல் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு கங்காணி வந்து நிற்கிறார். "அந்தக் கோழியில கறியே இல்லடி. துரைமாரு ஒரு வாய் வச்சிட்டு நாய்க்குப் போட்டுட்டாங்க. குஞ்சு எதுனா பொரிச்சா நல்லாத் தீனி போட்டு வளத்து வையி, அடுத்த விருந்துக்கு ஆகும்." ஐயாவு தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரிங்க," என்கிறான். செல்லாயியின் கை சட்டிக்குள் போகிறது. ஆடும் முட்டையைச் சுற்றி விரல்கள் மெல்ல மூடுகின்றன. தண்ணீர் சிவக்கிறது.