பாலம் வரைக்கும்

சைக்கிளை வாங்க வந்தவள் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். மணியை ஒருமுறை அடித்தாள்.

அந்தச் சின்னச் சத்தத்துக்கே வீட்ஸ்கேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசற்படியில் அவள் கணவன் யெல்மர் கைகட்டி நின்றிருந்தான். விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தவன் அவன்தான். ஊர் சுற்றியது போதும், பிள்ளைகள் இனி என்னோடு காரில் வரட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டான்.

நீளமான பெட்டி சைக்கிள் அது. கைப்பிடிக்கு முன்னால் மரப்பெட்டி, அதற்குள் பிள்ளைகள் உட்காரப் பலகை. இரண்டு வயது சீம், பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்ததே இந்தப் பெட்டியில்தான். அவன் அக்கா ஃபென்னா பெட்டியின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வாத்து வரைந்திருந்தாள். லெய்டன் நகரில் பாதிப் பேருக்கு வீட்ஸ்கேவின் பெயர் தெரியாது. வாத்து வண்டிக்காரி என்றால் தெரியும்.

"பசங்கள உக்கார வச்சு ஓட்டினா எப்படி இருக்கும்னு பாக்கணுமே," என்றாள் வந்தவள். யோலாந்தா என்று பெயர் சொல்லியிருந்தாள். தன் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். "எங்க வீட்லயும் ரெண்டு வாலு இருக்கு. வெறும் பெட்டிய ஓட்டிப் பாத்து என்ன தெரியப்போகுது? போகும்போது இவங்க ஓட்டட்டும், வரும்போது நான் ஓட்டிப் பாக்கறேன்."

யெல்மர் வானத்தைப் பார்த்தான். தூறிக்கொண்டிருந்தது.

"பாலம் வரைக்கும் போயிட்டு உடனே திரும்பிடணும்," என்றான் மனைவியிடம். பிறகு வந்தவளைப் பார்த்துச் சிரித்தான். "இவ வாயைத் திறந்தா மூட மாட்டா. நீங்கதான் பாத்துக்கணும்."

வீட்ஸ்கேவும் சிரித்தாள்.

எத்தனையோ காற்றிலும் மழையிலும் ஓட்டிய வண்டி. இன்று அது தெருமுனையிலேயே ஒரு ஆட்டம் ஆடி நின்றது. திரும்பிப் பார்க்காமல் மறுபடி மிதித்தாள். யோலாந்தா பக்கத்திலேயே தன் சைக்கிளில் வந்தாள்.

"இன்னிக்கே குடுத்துடுவோமாம்மா?" என்று பெட்டிக்குள்ளிருந்து ஃபென்னா கேட்டாள்.

"பேசாம உக்காருடி செல்லம்."

கால்வாய்க் கரைக்கு வந்தபோது பாலத்து மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிய, தடுப்புக் கட்டை இறங்கியது. அவள் கண்ணெதிரே பாலம் மெல்ல மேலே எழுந்தது.

பாய்மரப் படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல். தளத்தில் நின்றவன் பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தான். சீம் இரண்டு கையையும் ஆட்டினான்.

வீட்ஸ்கேவின் கோட்டுப் பையில் போன் அடித்தது. யெல்மர்.

"எங்க இருக்க?"

"பாலம் தூக்கியிருக்கு. படகு போகுது."

வீட்டுக் கதவை அவன் அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"அங்கேயே நில்லு. நான் வரேன்."

அவள் முகத்தைப் பார்த்ததுமே யோலாந்தாவுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். படகின் வால் போனது. கயிறு போனது. அதன் பின்னால் இரண்டு வாத்துகள்கூட நிதானமாக நீந்திப் போயின. அப்புறம்தான் பாலத்துக்கு இறங்க மனம் வந்தது.

கட்டை முழுதாக எழும்பும் முன்பே வீட்ஸ்கே மிதித்தாள்.

அக்கரையில், ரொட்டிக்கடை ஓரமாக, ஒரு சாம்பல் நிறக் கார் இன்ஜின் அணையாமல் நின்றிருந்தது. யோலாந்தா தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அதன் பின்கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க. போனை இங்கயே விட்டுடுங்க."

யோலாந்தா வண்டி வாங்க வந்தவளே இல்லை. சீமுக்கு எடை பார்க்கும் நர்ஸ், வீட்ஸ்கேவின் மணிக்கட்டில் கன்றியிருந்ததைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டபோதுதான், அவள் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகளோடு தனியாக வாசல் தாண்ட வழி உண்டா என்று நர்ஸ் கேட்டாள். யெல்மர் கொடுத்த விளம்பரம் ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. யோலாந்தாவை அனுப்பியது முதல் மற்றதையெல்லாம் முகவரி சொல்லாத ஒரு பெண்கள் காப்பகம் பார்த்துக்கொண்டது.

வீட்ஸ்கே சீமைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள். ஃபென்னா வரவில்லை. பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என் வண்டிய யாருக்கும் தரமாட்டேன்!"

சமாதானம் சொல்ல நேரமில்லை. வீட்ஸ்கே மகளின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்கும் என்று தெரிந்தே, பிரித்து எடுத்தாள்.

போனைப் பெட்டிக்குள் போட்டாள். மழைத்துணியை இழுத்து மூடிப் பொத்தான்களைப் போட்டாள். வாத்தின் மேல் ஒரு கணம் உள்ளங்கையை வைத்தாள். அவ்வளவுதான்.

யோலாந்தா காரோட்டியின் பக்கத்தில் ஏறிக்கொள்ள, கார் நகர்ந்தது. வீட்ஸ்கே பிள்ளைகளைத் தரையோடு அழுத்தி, அவர்கள் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

உடனே கார் குலுங்கி நின்றது.

முன் இருக்கைகளின் இடைவெளியில் தலையைக் கொஞ்சமாக உயர்த்திப் பார்த்தாள். பாலத்தில் ஓடிவந்த வேகத்தில் யெல்மர் காருக்குக் குறுக்கே வந்துவிட்டிருந்தான். ஒரு கையைக் காரின் முகப்பில் ஊன்றி, மறு கையில் போனைக் காதோடு வைத்திருந்தான். அவன் கூப்பிடும் போன் எங்கே அடித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஃபென்னா விசும்பினாள். வீட்ஸ்கே அவள் வாயைப் பொத்தினாள்.

அவன் காருக்குள் இருந்தவர்களின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் கண்ணெல்லாம் ஆரஞ்சு வாத்தின் மேல் இருந்தது. கையெடுத்து மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சைகை காட்டிவிட்டுத் தெருவைக் கடந்தான்.

கார் மெதுவாகக் கிளம்பியது.

மூடிய பெட்டியின் முன் அவன் குனிந்து, பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே முதல் பொத்தானைக் கழற்றினான்.